எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் படிப்பது

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை முழுவதும் படிக்கத் தெரிந்தவர் இன்று ஒருவர்தான் இருக்கிறார். என் பெரிய அத்தை. எண்பதைத் தாண்டிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். கல்லில் எழுத்து இருக்கிறதா, மழையில் கரைந்துவிட்டதா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சீமைக்கருவேல முள்ளை ஒரு குச்சியால் ஒதுக்கிக்கொண்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். "இது கம்பவுண்டர் ஊட்டுது. பக்கத்துல அவரு மாமியாரு. தோ, அந்த மொட்டக் கல்லு கீது பாரு, அது பைபிள் வுமன் ஆயாவோட மூத்த புள்ள, காலராவுல போச்சி. இந்தாண்ட ரெண்டும் தோல் ஷாப்பு மேஸ்திரிங்க, அண்ணந் தம்பி. உயிரோட இருக்கச்சொல்ல பேசிக்கமாட்டாங்க. இப்ப பக்கத்துல பக்கத்துல கீறாங்க."

அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். எழுத எழுத, இதை நாங்கள் ஒரு தலைமுறைக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே போகிறது.

ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ராணிப்பேட்டைக்கும் வாலாஜாவுக்கும் பக்கத்தில், பாலாற்றின் வடகரையில் இருக்கிறது என்பது போதும். என் தாத்தா பிறந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். நானும் வட ஆற்காட்டில் பிறந்தவன்தான். 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்து போனது. மிச்சமிருந்தது பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆனால் எங்கள் பெரியவர்கள் இன்னமும் 'நார்த் ஆற்காடு' என்றுதான் சொல்கிறார்கள். கல்லறைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வேலூரில் வந்து கல்லறை பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் ஊர்க்காரர்கள் காட்டுகிற இடங்கள் உண்டு. முதலில் முத்து மண்டபம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் வெள்ளையரிடம் பிடிபட்டு, மறு வருஷம் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் குடும்பத்தோடு சிறைவைக்கப்பட்டார். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவரும் அவர் குடும்பத்தாரும் இருக்கிற இடத்தில் 1990-இல் தமிழக அரசு மண்டபம் எழுப்பியது. அடுத்தது திப்பு சுல்தான் குடும்பத்தாரின் கல்லறைகள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்தக் குடும்பத்தை வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம் 1806-லும், திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834-லும் இங்கே அடக்கமானார்கள். மூன்றாவது, கோட்டைக்கு வெளியே இருக்கிற பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டம். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் எழுந்த புரட்சியில் மாண்ட 69-ஆம் ரெஜிமென்ட் வெள்ளைச் சிப்பாய்களுக்கு அங்கே நினைவுக் கல் இருக்கிறது.

அந்த நாளில் செத்தவர்களில் நம் சிப்பாய்கள்தான் அதிகம். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைத் தளபதி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் கோட்டைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பி போட வேண்டும் என்ற உத்தரவுகளை ஏற்க மறுத்தவர்கள் அவர்கள். மக்கான் சந்திப்பில் அவர்களுக்காக ஒரு தூண் நிற்கிறது. தூணைத் தாண்டிப் பஸ்கள் போகின்றன. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய கல் என்று ஒன்றும் இல்லை. கோட்டையைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

1905-இல் ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்தில் வரலாற்று மதிப்புள்ள கல்லறை எழுத்துகளையெல்லாம் தொகுத்து அரசு அச்சகத்தில் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார். பெரும்பாலும் ஐரோப்பியர்கள். லண்டனில் 1976-இல் ஆங்கிலேயர்கள் தெற்காசியாவில் இருக்கும் தங்கள் கல்லறைகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி இன்றுவரை நடத்துகிறார்கள். எங்கோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் புதைந்த தங்கள் லெப்டினென்டின் பெயரை அவர்கள் தொலைக்க விரும்பவில்லை. அவர்களிடம் எனக்கு வருத்தம் இல்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்தார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வி.

எங்கள் தோட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அவர்கள் அப்பா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைக்கு மாறியவர். அவருடைய மகன்கள் ஏழு பேர் இந்தியாவில் மிஷனெரிகளாக வேலை செய்தார்கள். சைலஸ் ஸ்கடர் 1866-இல் ராணிப்பேட்டையில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. நான் பிறந்தது அங்கேதான். இந்த மிஷன் சாதி பார்க்கக்கூடாது என்பதில் கண்டிப்பானது. அதனாலேயே வந்தவர்களில் பெரும்பாலோர் சேரிக்காரர்கள். எங்கள் முன்னோரும் அப்படி வந்தவர்கள்தான். அதை மறைத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அதற்கு முந்தைய நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். சுடுகாடு தனி. பிணம் போகிற வழியும் தனி. பண்ணையில் கூப்பிட்ட பெயர்தான் பெயர். செத்தால் ஒரு மண்மேடு, அடுத்த மழைக்கு அதுவும் சமமாகிவிடும். இதைப் பழங்கதை என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், வழியிலிருந்த நிலத்தைக் கடக்க முடியாமல், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். படம் நாடு முழுக்க வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அதே ஆற்றோடு மேலே போனால் வருகிற ஊர் அது.

அப்படிப்பட்ட சனத்துக்கு, 1860, 70-களில், மிஷன் ஒரு துண்டு நிலம் வாங்கி, சுற்றி மண் சுவர் எழுப்பி, 'இது உங்கள் கல்லறைத் தோட்டம்' என்று கொடுத்தபோது என்ன கிடைத்தது என்று நான் யோசிப்பதுண்டு. நிலம் கிடைத்தது சரி. அதைவிடப் பெரியதாக ஒன்று கிடைத்தது என்று நினைக்கிறேன். செத்தவருக்குக் கல்லில் பெயர். பிறந்த வருஷம் தெரியாவிட்டாலும் இறந்த தேதி. ஆண்டு, மாதம், நாளுக்கு ௵, ௴, ௳ என்ற பழைய குறிகள் போட்டு, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று ஒரு வரி. சாமுவேல், ஏபிரகாம், சாராள் என்று வேதத்திலிருந்து எடுத்த பெயர்கள். சில கற்களில் அதற்கு அடியிலேயே 'என்கிற' போட்டு முனியன், சின்னம்மாள் என்று பழைய பெயரும். படிக்கத் தெரியாத வீட்டில் முதல்முதலாக வந்த எழுத்து, பல குடும்பங்களுக்கு இந்தக் கல்லெழுத்தாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் தோட்டத்தின் மிகப் பழைய பகுதி ஆற்றை ஒட்டிய கிழக்கு வரிசை. அங்கே தாது வருஷப் பஞ்ச காலத்துக் கற்கள் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினேன். 1876 முதல் 78 வரை இந்தப் பக்கம் சனம் கொத்துக் கொத்தாகச் செத்த காலம். அந்த வருஷங்களில் கல் ஒன்றுமே இல்லை. அத்தையைக் கேட்டேன். "அப்ப கல்லு வெக்க யாருடா தெம்பா இருந்தாங்க? குழி வெட்டவே ஆளு இல்லன்னு எங்க ஆயா சொல்லும்" என்றார். கிழக்கு வரிசைக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் மேடாக, ஒன்றும் நடாமல், ஒன்றும் கட்டாமல் ஒரு திட்டு இருக்கிறது. அதன்மேல் யாரும் நடப்பதில்லை. சிறு வயதில் பந்து அங்கே விழுந்தால்கூடச் சுற்றிப் போய்த்தான் எடுப்போம். காரணம் சொல்லித் தரவில்லை, பழக்கம் மட்டும் வந்திருந்தது. அந்தத் திட்டு என்னவென்று இப்போதுதான் புரிகிறது.

அதற்குப் பிந்தைய வரிசைகளில் நடந்தால் எங்கள் சனத்தின் தொழில் வரலாறு கண்ணெதிரே விரிகிறது. முதலில் உபதேசியார்கள். ஊர் ஊராக நடந்து பிரசங்கம் பண்ணி, பள்ளிக்கூடம் வைத்து, மாதம் சில ரூபாய் சம்பளத்தில் ஆறேழு பிள்ளைகளை வளர்த்தவர்கள். அவர்கள் கல்லில்தான் வசனம் நீளமாக இருக்கும். 'ஓட்டத்தை முடித்தேன்' என்ற பவுலின் வார்த்தை அவர்களுக்கு மிகவும் பொருத்தம். உண்மையிலேயே நடந்து நடந்து தேய்ந்தவர்கள். அடுத்த தலைமுறையில் வாத்தியார், கம்பவுண்டர், நர்ஸ். பிறகு ரயில்வே. 1906-இல் பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் உரத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு 'பாரிஸ்' என்று போட்ட கற்கள். தோல் பதனிடும் ஷாப்புக்காரர்களின் கற்களில் மட்டும் தொழில் எழுதியிருக்காது. அவர்கள் வீட்டாருக்கு அது எழுதக் கூசியிருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்து, கை வெந்து இந்த மாவட்டத்துக்கே சோறு போட்டவர்கள் அவர்கள். நோட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் தொழிலை நான் எழுதிவைக்கிறேன்.

தென்மேற்கு மூலையில் ஒரே குடும்பத்துக் கற்கள் மூன்று, மூன்றிலும் 1918 அக்டோபர், நவம்பர். இன்ஃபுளுயன்ஸா. அம்மா, பெரிய பெண், கைக்குழந்தை. அப்பாவுக்கு அங்கே கல் இல்லை. மெசபடோமியாவுக்குப் பட்டாளத்தோடு போனவர் திரும்பி வந்து, இவர்கள் மூன்று பேரையும் கல்லில் பார்த்துவிட்டு, ஊரைவிட்டே போய்விட்டார் என்கிறார் அத்தை. அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. மூன்று கற்களையும் நட்டது சபை.

பெண்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். பழைய வரிசைகளில் பாதிக் கற்களில் பெண்ணுக்குத் தன் பெயர் இருக்காது. 'உபதேசியார் இன்னாரின் பாரியாள்' என்று மட்டும் இருக்கும். இதிலிருந்து தனித்து நிற்பவை, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த பைபிள் வுமன்களின் கற்களும் நர்ஸ்களின் கற்களும். கணவன் பெயரில்லாமல், தன் பெயரையும் தன் வேலையையும் போட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். என் அத்தையின் அத்தை ஒருவர் அப்படி. வேலூரில் 1909-இல் நர்ஸ் பயிற்சி தொடங்கிய பிறகு, ஆரம்ப வருஷங்களிலேயே சேர்ந்தவர். பதினாறு வயதில் விதவையானவர் என்று வீட்டில் சொல்வார்கள். கல்லில் விதவை என்றோ இன்னார் மகள் என்றோ இல்லை. பெயர், 'நர்ஸ்', இறந்த தேதி. அவ்வளவுதான்.

வேலூர் ஆஸ்பத்திரியின் கதை எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவத்தில் தவிக்கும் மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்தியான இளம் ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு சாதி இந்து. நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதுதான் ஐடாவை அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது, இன்று அது சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனால் எத்தனை முறை கேட்டாலும் அந்த மூன்று பெண்களுக்கும் பெயர் இல்லை. யார் வீட்டுப் பெண்கள், என்ன வயது, முதல் பிரசவமா என்று கதை சொல்லுகிற யாரும் சொல்வதில்லை. இந்த மாவட்டத்தின் தலையெழுத்தையே மாற்றிய மூன்று மரணங்கள் அவை.

நம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைத் தோள் உயரத்துக்குப் படுக்க வைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்து ஆற்றுவதாக ஐதீகம். எங்கள் ஊர்ப் பாதையில் இரண்டு இருந்தன. சாலை அகலமாக்கியபோது ஒன்று போய்விட்டது. இன்னொன்றில் நிறைய சுண்ணாம்பு; சுண்ணாம்புக்கு அடியில் எழுத்து இருப்பது விரலுக்குத் தட்டுப்படுகிறது. அது கிறிஸ்தவக் கல் அல்ல, எங்கள் தோட்டத்துக் கல்லும் அல்ல. ஆனாலும் அதையும் நோட்டில் சேர்த்திருக்கிறேன். பிரசவத்தில் போன பெண்களுக்கு எந்தக் கடவுள் என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

கல் நட்டுப் பெயர் எழுதுவதை மிஷன்காரர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பழைய வட ஆற்காட்டின் செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்கள் வயல்வெளிகளில் நிற்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனின் உருவம், அவன் பெயர், ஊர், அரசனின் ஆட்சியாண்டு எல்லாம் வட்டெழுத்தில் வெட்டியிருக்கும். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வரைக் கடித்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கல்லை முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வயிற்றைப் பிசைந்தது. ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் காப்பாற்றிய மண் இது. இதே மண்ணில் என் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த முதல் பெயர், தோட்டத்தின் கிழக்கு வரிசையில் இருக்கும் முதல் கல்லில் இருக்கும் பெயர்தான். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் மேல்விஷாரத்து நண்பர் ஒருவரிடம் ஒரு மாலை சொல்லிக்கொண்டிருந்தேன். தோல் வியாபாரக் குடும்பம், பல தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை அவர்கள் கபர்ஸ்தானுக்கு அழைத்துப் போனார். கல் கட்டுவதும் பெயர் எழுதுவதும் அங்கே வழக்கமில்லை. மண்மேடு, தலைமாட்டில் ஒரு செடி. எங்கள் தோட்டத்தில் தலை மேற்கே, கால் கிழக்கே. உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்தால் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அங்கே தலை வடக்கே, முகம் மேற்கே மக்காவை நோக்கி. "எங்க பாட்டனார் இங்க, அவரோட அம்மா அங்க" என்று கைகாட்டிக்கொண்டே போனார். ஒரு எழுத்துகூட இல்லாமல் நான்கு தலைமுறையை நின்ற இடத்தில் சொன்னார். "எப்படித் தெரியும்?" என்றேன். "ஒவ்வொரு ஷபே பராத்துக்கும் அத்தா கையைப் பிடிச்சிக்கிட்டு வருவோம். கால் தானா போகும்" என்றார். கபர்களுக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற இரவு அது.

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னது சரிதான், கூட வருகிற அத்தா இருக்கும்வரை. எங்கள் பக்கம் அந்தக் கை விடுபட்டுவிட்டது. உபதேசியார் வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஆவடியிலும் பெங்களூரிலும். நர்ஸ் வீட்டுப் பெண்கள் மஸ்கட்டிலும் லண்டனிலும் டல்லாஸிலும். கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2-ஆம் தேதி, முன்பெல்லாம் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனையும் சாமந்தி வாசனையுமாக இருக்கும். ஒரு வாரத்துக்கு முன்பே புல் செதுக்கி, பொழுது சாய்ந்ததும் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி எரியும். இப்போது வரிசைக்கு நான்கைந்து கல்லறைதான் வெளிச்சமாக இருக்கிறது. யாரும் வராத கல்லறைகளில் அத்தை தன் செலவில் ஒவ்வொரு மெழுகுவத்தி வைக்கிறார். முழங்கால் வலியால் குனிய முடியாமல், நின்றபடியே என்னை வைக்கச் சொல்கிறார்.

ஆட்கள் வராத கல்லறைக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடம் போதவில்லை. சுற்றிலும் வீட்டு மனை விழுந்துவிட்டது. தோட்டத்தைப் பெரிதாக்க வழியில்லை. அதனால் பழைய குழியைத் திறந்து, இருக்கும் எலும்புகளை ஓரமாகச் சேர்த்துவிட்டு, அதே குடும்பத்தவரை அதிலேயே அடக்கம் செய்வது வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாட்டியின் குழியில் பேத்தி படுப்பது நல்லதுதான். ஆனால் புதுக் கல் வைக்கும்போது பழைய கல்லைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கிரானைட்டில், போட்டோ பதித்து, ஒரே ஒரு பெயர். அடியில் இருக்கிற மூன்று பேருக்கும் இடமில்லை. பழைய பெயரையும் புதுக் கல்லில் ஒரு ஓரமாக வெட்டுங்கள் என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. அப்படி இரண்டு குடும்பங்கள் வெட்டியிருக்கின்றன.

யாருமே உரிமை கோராத குழிகள் வெளியாட்களுக்குப் போகின்றன. சில வருஷங்களுக்கு முன் தோட்டத்து மதில் சரிந்தபோது, கிடந்த பழைய கற்களைப் புது மதிலுக்கு அஸ்திவாரமாகப் போட்டுவிட்டார்கள். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, கெட்ட எண்ணத்தில் செய்ததும் இல்லை. எழுத்து தெரியவில்லை, வெறும் கல் என்று நினைத்தார்கள். எழுத்து இருந்தது. சாய்வு வெயிலில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால், இந்த வேலையில் இறங்க நினைக்கிற வேறு ஊர்க்காரர்களுக்காக நான் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் எழுதுகிறேன். நடுப்பகலில் போகாதீர்கள். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெயில் பக்கவாட்டில் விழும்போது, தேய்ந்த எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும். நிழலைப் படிக்கலாம். வெயில் சரியாக விழாத கல்லுக்கு ஒரு முகக்கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் போதும். வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் தவிர எதுவும் வேண்டாம். ஆசிட் கூடாது, கம்பி பிரஷ் கூடவே கூடாது. பாசி படிந்த பளிங்கில் ஆசிட் ஊற்றினால் பாசியோடு பெயரும் போகும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கல்லறை வெடித்திருந்தால் சிமென்ட் பூசாதீர்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். சில வருஷங்களில் காரை முழுக்க உதிர்ந்து, சிமென்ட் மட்டும் ஓடாக நிற்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். கல்லில் ஈரக் காகிதத்தை ஒட்டி மை தடவி எழுத்தைப் பதிவெடுக்கிற மைப்படி வேலையைத் தெரிந்தவர்கள் செய்யட்டும். போனில் எடுத்த படமே முக்கால்வாசிக்குப் போதுமானது.

தேதி இல்லாத கல்லின் காலத்தை எழுத்தைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். யானைத் துதிக்கைபோல் மேலே சுழித்த பழைய 'லை', 'னை' இருந்தால் பெரும்பாலும் 1978-க்கு முந்தையது. அந்த வருஷம்தான் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. கல் தச்சர்கள் அதற்குப் பிறகும் சில காலம் பழைய எழுத்தையே வெட்டினார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் வெட்டியிருந்தால் இன்னும் பழையதாக இருக்கலாம். புள்ளி தேய்ந்திருக்கவும் கூடும்.

கல்லுக்கு அடுத்தது பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் சபையில் தனித்தனிப் பதிவேடுகள் இருக்கும். ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், பக்குவமாகக் கேட்டால் காட்டுவார். எங்கள் சபையின் பழைய அடக்கப் பதிவேட்டில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சப் பாதியில் கல்லே வைக்கப்படாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இறந்த காரணம் என்ற பத்தியில் 'ஜுரம்', 'பேதி', 'பிரசவம்', 'பாம்பு' என்று ஒற்றைச் சொல். தொழில் பத்தியில் 'கூலி'. இந்தப் பெயர்களைக் கல் இருக்கிற பெயர்களோடு சேர்த்து ஒரே பட்டியலாக எழுதி வருகிறேன். இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்பது அத்தையின் கட்டளை.

அத்தையின் குரலையும் பதிவு செய்கிறேன். கல் சொல்லாததை அவர் சொல்கிறார். யார் நல்ல பாட்டுக்காரர், யார் கருவாட்டுக் குழம்புக்குப் பேர்போனவர், யார் வீட்டில் எந்தப் பஞ்சத்தில் எத்தனை மரக்கால் கேழ்வரகு கடன் கொடுத்தார்கள், எந்தக் கல்யாணம் எதனால் நின்றது. சில விஷயங்களைச் சொல்லிவிட்டு, "இத எழுதாத" என்பார். எழுதுவதில்லை.

இப்போது முடிந்திருப்பது கிழக்கு வரிசையும், கிணற்றை ஒட்டிய இரண்டு வரிசைகளும். அத்தைக்கும் அடையாளம் தெரியாத கற்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இங்கே சொல்கிறேன். கிணற்று வரிசையில், வேப்பமரத்திலிருந்து ஐந்தாவது. கருங்கல், முழங்கால் உயரம், மேலே வளைவு, வளைவுக்குள் சிலுவைக்குப் பதிலாக ஒரு விளக்கு செதுக்கியிருக்கிறது. பெயரின் முதல் எழுத்து 'ஞா'. நடுவில் நான்கைந்து எழுத்துகள் போய்விட்டன. கடைசி எழுத்து 'ள்'. அதனால் பெண்ணாக இருக்கலாம். கீழே 'டீச்சர்' என்பது நன்றாகத் தெரிகிறது. ஆண்டு 1911 அல்லது 1917. வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ அந்தக் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த, ஞா-வில் தொடங்கும் பெயருள்ள ஒரு டீச்சரம்மா உங்கள் வீட்டுப் பேச்சில் எப்போதாவது வந்திருந்தால், வீட்டில் இருக்கிற மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். பழைய குடும்ப பைபிளின் முதல் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பிறப்பு, இறப்பு எல்லாம் அங்கேதான் எழுதி வைத்திருப்பார்கள்.